சயான் லோக்கலில் ஒரு வரி தோணுது. அடுத்த வரிக்கு எதுகை எங்கே தேடுவது?

சயான் பிளாட்பாரத்தில் காலை லோக்கலுக்காக நிற்கிறீர்கள். காதில் இயர்போன், அதில் நண்பர் அனுப்பிய ஒரு பீட். போன் நோட்ஸில் ஒரே ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறீர்கள்: 'நெஞ்சு'. அதோடு சேருகிற சொல் ஒன்று அடுத்த வரிக்கு வேண்டும். 'பஞ்சு', 'நஞ்சு' என்று இரண்டு சொற்கள் உடனே வந்துவிட்டன. இரண்டையும் எத்தனையோ பாட்டில் கேட்டாச்சு. வண்டி வந்து, கூட்டத்தில் ஏறி, மாட்டுங்கா தாண்டி தாதர் வரைக்கும் போயும் மூன்றாவது சொல் கிடைக்கவில்லை.

உங்களுக்குப் பாட்டு எழுத வராது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் தேடுகிற இடம்தான் தப்பு. ஆங்கிலப் பாட்டும் இந்தி ராப்பும் கேட்டுப் பழகிய காது, ஒத்த ஓசையை வரியின் கடைசியில் தேடுகிறது. தமிழோ அதை முக்கியமாக வரியின் தொடக்கத்தில் வைத்திருக்கிறது. அந்த இடம் தெரிந்துவிட்டால், ஒரு காகிதமும் பேனாவும் போதும். 'நெஞ்சு' ஒன்றுக்கே இருபதுக்கு மேல் சொற்கள் கிடைக்கும். எப்படி என்று பார்ப்போம்.

சுருக்கமாக:

• மோனை: முதல் எழுத்து ஒத்து வருவது.
• எதுகை: இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. கூடவே, முதல் எழுத்தின் அளவும் (குறில் அல்லது நெடில்) ஒத்திருக்க வேண்டும்.
• இயைபு: வரியின் கடைசி எழுத்தோ சொல்லோ ஒத்து வருவது. ஆங்கிலத்தில் 'ரைம்' என்று சொல்வதற்கு நெருக்கமானது இதுதான்.

இந்த மூன்றையும் தொல்காப்பியமே பேசுகிறது. பின்னால் வந்த அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகை, எது எங்கே வரலாம் என்று விரிவாக வகுத்துத் தருகிறது. பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்கு இது மார்க் வாங்க மனப்பாடம் செய்த பகுதி. பாட்டு எழுத உட்கார்ந்தால்தான் அது எதற்கு என்று புரியும்.

கடைசி எழுத்தை மட்டும் நம்பினால் என்ன பிரச்னை?

'வந்தேன், நின்றேன், பார்த்தேன், சிரித்தேன்' என்று நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே ஓசையில் முடிகின்றன. இதற்கு நீங்கள் எந்த உழைப்பும் போடவில்லை. இலக்கணமே செய்து கொடுத்துவிட்டது. 'நான்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் தமிழ் வினை எப்படியும் 'ஏன்' என்றுதான் முடியும். அதேபோல 'கண்ணில், கடலில், காலையில், கடையில்' எல்லாம் 'இல்'.

தமிழில் சொல்லின் வேர் முன்னால் இருக்கும். காலம், இடம், வேற்றுமை காட்டும் ஒட்டுகள் பின்னால் வரிசையாக வந்து சேரும். ஆகவே இரண்டு வரிகளின் கடைசி ஒத்துப் போனால், பல நேரம் ஒத்துப் போனது ஒட்டுதான், சொல் இல்லை. கேட்பவருக்கு அதில் எந்த ஆச்சரியமும் கிடைக்காது. ஆனால் 'கஞ்சி' என்று ஒரு வரியும் 'லஞ்சம்' என்று அடுத்த வரியும் தொடங்கினால், ஒத்துப் போவது சொல்லின் உடம்பு. அங்கே பொருளும் ஓசையும் ஒன்றாக மோதுகின்றன.

இயைபு வேண்டாம் என்று சொல்லவில்லை. ராப்புக்கு அது உயிர். எதுகையோடு சேர்ந்து வரும்போது அதன் பலம் இரண்டு மடங்கு. 'கடலில் – மண்ணில்' என்பதைவிட 'கண்ணில் – மண்ணில்' காதில் ஏன் அதிகம் நிற்கிறது? முன்னதில் கடைசி மட்டும் ஒத்துப் போகிறது. பின்னதில் 'ண்' என்கிற இரண்டாம் எழுத்தும் சேர்ந்தே ஒத்துப் போகிறது.

எதுகை: நான்கு ஸ்டேஷன் போர்டுகளில் ஒரு பாடம்

விதி இதுதான்: இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், முதல் எழுத்து இரண்டு சொல்லிலும் குறிலாகவோ, இரண்டிலும் நெடிலாகவோ இருக்க வேண்டும். 'பட்டு – கட்டு' எதுகை. 'பாட்டு – வீட்டு' எதுகை. 'பட்டு – பாட்டு' எதுகை ஆகாது.

நாம் தினமும் சொல்கிற ஊர்ப் பெயர்களிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

மாட்டுங்கா: முதல் எழுத்து நெடில், இரண்டாவது 'ட்'. சேரும் சொற்கள்: பாட்டு, வீட்டுக்கு, ரோட்டில், கூட்டம், ஆட்டம், பூட்டு, சேட்டை, தோட்டம், பாட்டி.

செம்பூர்: முதல் எழுத்து குறில், இரண்டாவது 'ம்'. சேரும் சொற்கள்: சம்பளம், நம்பிக்கை, வம்பு, கம்பி, தெம்பு, கும்பல், அம்மா. 'மும்பை'யும் இதே வீடுதான். மும்பைக்கும் செம்பூருக்கும் இடையே எதுகை இருப்பதை இத்தனை நாள் கவனித்தீர்களா?

தாராவி: முதல் எழுத்து நெடில், இரண்டாவது 'ரா'. சேரும் சொற்கள்: போராட்டம், பேராசை, ஏராளம், தாராளம், தீராத, சேராத, ஆராரோ. பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பாதிப் பாட்டு ஏற்கனவே எழுதப்பட்ட மாதிரி இருக்கும்.

சயான்: முதல் எழுத்து குறில், இரண்டாவது 'யா'. சேரும் சொற்கள்: நியாயம், வியாபாரம், வியாழன், வியாதி, தியாகம், தயார். கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். 'யா' என்பதற்குப் பதில் ய, யி, யு என்று அதே மெய்யின் வேறு எழுத்து வந்தாலும் மரபு ஏற்றுக்கொள்கிறது. இதற்கு வருக்க எதுகை என்று பெயர். அப்போது பயணம், வெயில், உயரம், வயசு, துயரம், கயிறு எல்லாம் உள்ளே வந்துவிடும்.

குறில், நெடில் பார்ப்பது எதற்கு?

இது வெறும் இலக்கணப் பிடிவாதம் இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அதாவது நெடிலைச் சொல்ல இரண்டு மடங்கு நேரம். பாட்டில் இரண்டாவது வரி வரும்போது மெட்டு பெரும்பாலும் அதே தாளத்தில் திரும்பி வரும். முதல் வரியின் தொடக்கத்தில் ஓசை நீண்டிருந்தால், இரண்டாவது வரியின் தொடக்கத்திலும் அது நீள வேண்டியிருக்கும். அங்கே குறில் வைத்தால் பாடுபவர் அதை இழுத்துப் பாடுவார். 'பட்டு' என்று நீங்கள் எழுதியது ரெக்கார்டிங்கில் 'பாட்டு' ஆகிவிடும்.

சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வருகிறது. இசையமைப்பாளர் 'தன்ன தான' என்று ஏதாவது ஓசைகளை வைத்துப் பாடிக் கொடுப்பார். 'தன' வருகிற இடத்தில் குறிலும் 'தான' வருகிற இடத்தில் நெடிலும் வைப்பது பாடலாசிரியரின் வேலை. எதுகை விதி தெரிந்தவருக்கு அந்த வேலையில் பாதி அப்போதே முடிந்துவிடும்.

இந்தக் காது தமிழுக்கு மட்டும் உரியதும் இல்லை. தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதைப் 'பிராசம்' என்று போற்றுகிறார்கள். கர்நாடக சங்கீதக் கிருதிகளில் வரிக்கு வரி இது நடக்கும். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஷண்முகானந்தா அரங்கில் நீங்கள் கேட்கும் கச்சேரியிலும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவியில் ஒரு பையன் அடிக்கும் தமிழ் ராப்பிலும், இரண்டாம் எழுத்தில் அதே வேலையைக் கேட்க முடியும்.

மோனை: எளிதானது, ஆனால் இடம் முக்கியம்

முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. சில எழுத்துகள் தங்களுக்குள் உறவு:

• அ, ஆ, ஐ, ஔ
• இ, ஈ, எ, ஏ
• உ, ஊ, ஒ, ஓ

உயிர்மெய்க்கும் இதே கணக்கு. 'க' வந்தால் கா, கை, கௌ சேரும். 'தூ' வந்தால் து, தொ, தோ சேரும். இது போக ச–த, ஞ–ந, ம–வ ஆகிய ஜோடிகளையும் மரபு மோனையாக ஏற்கிறது. ஆகவே 'மழை'க்கு 'வழி' துணை வரலாம்.

எங்கே வைப்பது? நான்கு சீர் கொண்ட ஒரு வரியில் முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் மோனை வந்தால் அதற்குப் பொழிப்பு மோனை என்று பெயர். காதுக்கு இதுதான் மிக இதமான இடம். வரியின் நடுவில் ஒரு கைத்தட்டு விழுந்த மாதிரி இருக்கும். முதலிரண்டு சீரில் வந்தால் இணை, முதலிலும் கடைசியிலும் வந்தால் ஒரூஉ, நான்கிலும் வந்தால் முற்று. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். 'ஒண்ணு, மூணு' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய நாலு வரி:

லோக்கல் வந்தா கொஞ்சம் நகரு
தூக்கம் வந்தா தோளு கொடு
பாக்கி நாளும் பாத்துக் கலாம்
சீக்கி ரமா சேத்து விடு

லோக்கல், தூக்கம், பாக்கி, சீக்கிரம்: நான்கும் நெடிலில் தொடங்கி, இரண்டாவது எழுத்து 'க்'. இது எதுகை. 'தூ – தோ', 'பா – பா', 'சீ – சே' என்று ஒன்றாம் சீரிலும் மூன்றாம் சீரிலும் வருவது மோனை. இரண்டாம் வரியில் 'கொடு', நான்காம் வரியில் 'விடு' என்பது இயைபு. முதல் வரியில் மட்டும் மோனை இல்லை. லகரத்தில் தொடங்கும் தமிழ்ச் சொற்கள் அரிது. அங்கே வம்படியாக ஏதாவது ஒரு சொல்லைத் திணித்தால் வரியின் பேச்சுத்தன்மை போய்விடும். மூன்று வரியில் இருந்தால் போதும், நான்காவதைக் காது மன்னித்துவிடும்.

இதற்கு அகராதி எதுவும் இல்லையா?

இருந்தது. அதுவும் நம் வழக்கமான அகராதிக்கு முன்பிருந்தே.

பழைய காலத்தில் தமிழில் சொற்களைத் தொகுத்தவை நிகண்டுகள். அவை செய்யுளாக எழுதப்பட்டவை, மனப்பாடம் செய்வதற்கானவை. அவற்றில் ஒன்றான மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராவது தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி. அதில் சொற்கள் முதல் எழுத்து வரிசையில் இல்லை. ககர எதுகை என்று தொடங்கி, இரண்டாம் எழுத்தின் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதை மனப்பாடம் செய்தவர் தலையில் எதுகைப் பட்டியல் தயாராகவே இருந்திருக்கும்.

பிறகு 1594இல் இரேவண சித்தர் தம் நிகண்டில் சொற்களை 'அ' முதலான எழுத்து வரிசையில் அடுக்கினார். அதன் பெயர் அகராதி நிகண்டு. இன்று நாம் சொல்லும் 'அகராதி' என்கிற சொல் இந்த வரிசையைக் குறித்து வந்ததுதான். தெரியாத சொல்லைத் தேடிப் பொருள் பார்க்க இது மிக வசதி. ஆனால் பாட்டு எழுதுகிறவருக்கு ஒரு நஷ்டம். 'நெஞ்சு'ம் 'கஞ்சி'யும் புத்தகத்தின் வேறு வேறு மூலைக்குப் போய்விட்டன.

இதற்கும் ஒருவர் வழி செய்தார். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற பாதிரியார் வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர் சொல்வதுபோல அதில் நான்கு பகுதிகள்: பெயர், பொருள், தொகை, தொடை. நான்காவதான தொடை அகராதி, செய்யுள் எழுதுபவருக்கு எதுகைச் சொல் எடுத்துக் கொடுப்பதற்கென்றே அமைந்தது. அவர் வெறும் அகராதிக்காரர் இல்லை. 3,600க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடியவர். அடுத்த வரிக்குச் சொல் கிடைக்காமல் நிற்கும் வலி அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

சரி, இன்று? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள் இருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின் அகராதித் தளத்தில் அதை இலவசமாகத் தேடலாம். பாடலாசிரியர் மதன் கார்க்கியின் ஆய்வு நிறுவனம், எதுகை, மோனை, இயைபு தேடுவதற்கென்றே 'எமோனி' என்கிற கருவியை உருவாக்கியது. ஏஐ செயலிகளிடமும் கேட்கலாம். ஆனால் அவை தரும் பட்டியலை அப்படியே நம்பாமல் இரண்டு சோதனை செய்யுங்கள். இரண்டாம் எழுத்து உண்மையிலேயே ஒன்றா? அப்படி ஒரு சொல் தமிழில் நிஜமாகவே இருக்கிறதா?

கருவி எதுவும் இல்லாமல் தேடுவது எப்படி?

இது ரயிலில் நின்றுகொண்டே செய்யக்கூடிய முறை. 'நெஞ்சு' என்பதையே எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'நெ' குறில். இரண்டாவது 'ஞ்'. ஆக நமக்கு வேண்டியது, குறிலில் தொடங்கி 'ஞ்' வரும் சொற்கள்.

இரண்டு: ஒரு கட்டம் போடுங்கள். மேலே ஐந்து குறில்கள்: அ, இ, உ, எ, ஒ. பக்கவாட்டில் எட்டு வரிசை: வெறும் உயிர் ஒன்று, பிறகு க, ச, த, ந, ப, ம, வ. பெரும்பாலான தமிழ்ச் சொற்கள் இவற்றில்தான் தொடங்கும். மொத்தம் 40 கட்டம்.

மூன்று: ஒவ்வொரு கட்டத்தையும் வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். அஞ்சு, இஞ்சி, எஞ்சு. கஞ்சி, குஞ்சு, கெஞ்சு, கொஞ்சம். சஞ்சலம். தஞ்சம், துஞ்சு. நஞ்சு. பஞ்சு, பஞ்சம், பிஞ்சு. மஞ்சள், மிஞ்சு. வஞ்சம், விஞ்சு. பல கட்டங்கள் காலியாக இருக்கும், பரவாயில்லை.

நான்கு: இப்போது கடன் வாங்கிய சொற்களுக்கு ஒரு சுற்று. ட, ர, ல, ஜ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லஞ்சம், லஞ்ச், பஞ்சர். மொத்தம் இருபதைத் தாண்டியாச்சு. 'ஊஞ்சல்', 'காஞ்சி' என்று மனசு இழுக்கும். அவை நெடில், இந்தப் பட்டியலில் சேராது. நெடிலில் தொடங்கும் சொல்லுக்கு ஆ, ஈ, ஊ, ஏ, ஓ என்று தனிக் கட்டம் போட வேண்டும்.

ஐந்து: முதலில் தோன்றிய மூன்று சொற்களை அடித்துவிடுங்கள். நெஞ்சு, பஞ்சு, நஞ்சு எல்லாருக்கும் தோன்றும். மிச்சத்தைப் பாருங்கள்: அஞ்சு மணி, கஞ்சி, லஞ்ச் டப்பா, பஞ்சர், கெஞ்சு. காதல் பாட்டு எழுத உட்கார்ந்த நீங்கள், விடியற்காலையில் எழுந்து டப்பா கட்டும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதத் தொடங்கியிருப்பீர்கள். எதுகையின் பெரிய பயன் இதுதான். பட்டியலில் வரும் எதிர்பாராத சொல், நீங்கள் யோசிக்காத இடத்துக்குப் பாட்டை இழுத்துப் போகும்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா?

'ஆயிற்று, போயிற்று, பேச்சு, மூச்சு' என்று எழுதிப் பாருங்கள். முதல் இரண்டும் ஒரு ஜோடி, அடுத்த இரண்டும் வேறு ஜோடி. இதையே பேசிப் பாருங்கள்: 'ஆச்சு, போச்சு, பேச்சு, மூச்சு'. நான்கும் ஒரே வீட்டுக்கு வந்துவிட்டன. அதேபோல 'நேற்று, காற்று, பார்த்து' என்பதில் மூன்றாவது தனியாக நிற்கும். 'நேத்து, காத்து, பாத்து, கூத்து' என்றால் எல்லாம் ஒன்று. பேச்சுத் தமிழ் கொச்சை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது: பேச்சு, எழுத்தில் இல்லாத எதுகைகளை உண்டாக்குகிறது.

எழுத்து வேறு, காது வேறு என்பதற்கு இன்னொரு உதாரணம் 'அன்பு – பண்பு'. எழுத்தில் ஒன்று 'ன்', மற்றொன்று 'ண்'. நம்மில் பலர் பேசும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'தாராவி – மாறாத' என்பதிலும் ர, ற வேறு. வெண்பா எழுதினால் எழுத்தைப் பாருங்கள். பாட்டு எழுதினால் ரெக்கார்ட் செய்து, கண்ணை மூடிக் கேளுங்கள்.

தாராவியில் இது ஏட்டுப் பாடமாக இல்லாமல் நேரடியாகவே நடந்தது. 2018இல் வெளியான பா. ரஞ்சித்தின் 'காலா', திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய தமிழர்களின் கதை. சந்தோஷ் நாராயணன் இசையில் அதன் பாடல்களில் தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' ராப் குழுவினரும் எழுதிப் பாடினார்கள். மறு வருடம் இந்தியில் 'கல்லி பாய்' வந்து, தாராவி ராப் நாடு முழுக்கத் தெரிந்தது. அதற்கு முன்பே இங்கே தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நான்கையும் கலந்து பசங்க ராப் செய்துகொண்டிருந்தார்கள். தெருவில் பேசும் தமிழே பாட்டுக்குப் போதும் என்று ரஜினி படத்தின் வழியாக ஊரே கேட்டது.

அந்தக் கலப்பு எதுகைக்கு எவ்வளவு தீனி போடுகிறது என்று பாருங்கள். 'லி' என்கிற ஒரே எழுத்து, முதலில் நெடில்: கூலி, தாலி, வேலி, காலி, போலி. இவை எல்லாத் தமிழருக்கும் தெரிந்தவை. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் வேலைக்குச் 'சோலி' என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து 'ஜாலி'. இந்தியிலிருந்து 'ஹோலி'. மும்பையில் ஒற்றை அறை வீட்டைச் சொல்லும் 'கோலி' மராத்தி தந்தது. இந்தத் தீவுகளின் பழைய மீனவக் குடிகளான 'கோலி' மக்கள், அவர்கள் பெயரில் சயான் கோலிவாடா, தாராவி கோலிவாடா. கோலியில குடியிருந்து கூலிக்குப் போய், சோலி முடிந்து ஹோலி கொண்டாடும் ஒரு குடும்பத்தின் கதை இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இந்தப் பட்டியல் முழுசாகக் கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கும்.

எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராதே?

மும்பையில் இது நிறையப் பேருடைய நிலைமை. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் அல்லது இந்தி மீடியம், தெருவில் இந்தியும் மராத்தியும், வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ். பாட்டு எழுத இது தடை இல்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது.

பி, ஏ, டி, டி, யூ என்று டைப் செய்கிறீர்கள். அது பட்டா, பாட்டா? கே, ஏ, எல் என்றால் அது கல்லா, காலா, கள்ளா? ஆங்கில எழுத்து குறிலையும் நெடிலையும் ஒரே மாதிரி காட்டும். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கும். எதுகைக்குத் தேவையான இரண்டு தகவலும் அங்கேயே தொலைந்துவிடுகின்றன. திரையில் ஒத்திருப்பது மைக் முன்னால் ஒத்துப் போகாது. இந்தி எழுத்தில் எழுதினால் பட்டும் பாட்டும் பிரியும். ஆனால் 'எ – ஏ', 'ஒ – ஓ' வேறுபாடு அங்கேயும் காணாமல் போகும்.

இதற்காக மொத்த எழுத்தையும் ஒரே வாரத்தில் கற்க வேண்டியதில்லை. முதலில் ஐந்து குறில், ஐந்து நெடில், முன்னே சொன்ன ஏழு மெய் வரிசை. அந்த 40 கட்டத்தைத் தமிழ் எழுத்திலேயே போடுங்கள். பத்துப் பாட்டு எழுதுவதற்குள் கை பழகிவிடும். அதுவரை வாய்ஸ் நோட்டை நம்புங்கள். காது குறிலையும் நெடிலையும் குழப்பாது.

காலிக் கட்டங்களை யாரிடம் கேட்பது?

உங்கள் கட்டத்தில் வெறுமையாக நிற்கும் இடங்கள் எல்லாமே தமிழில் சொல் இல்லாத இடங்கள் அல்ல. சில, உங்கள் வீட்டில் இருந்து உங்கள் வரைக்கும் வந்து சேராத சொற்களின் இடம். 'வெரசா வா' என்று ஆச்சி கூப்பிட்டிருப்பார். சீக்கிரமா என்று அர்த்தம். அம்மா 'சீக்கிரம்' என்றார். நீங்கள் 'ஜல்தி' என்கிறீர்கள். மூன்று தலைமுறையில் மூன்று சொல். 'வெரசா' போனால் அதோடு 'அரசு, முரசு, உரசு' என்கிற அதன் எதுகைக் கூட்டாளிகளும் உங்கள் பாட்டுக்குள் வர வழியில்லை.

தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்கள், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆபீஸ் வேலைக்கு வந்து தங்கியவர்கள், ஒவ்வொரு தெருவும் தன் மாவட்டத்துச் சொற்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்தது. அவற்றில் பல எந்த அகராதியிலும் ஏறவில்லை. பேசுபவர் இருக்கும்வரைதான் இருக்கும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். "ஆச்சி, சோலி மாதிரி வேற என்னென்ன சொல்லு இருக்கு?" என்று கேளுங்கள். ஓசையைச் சொல்லிக் கேட்டால்தான் சொல் வரும். 'பழைய தமிழ்ச் சொல் சொல்லுங்க' என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. சொல்லச் சொல்ல போனில் பதிவு செய்யுங்கள். வீட்டில் அப்படி யாரும் இல்லை என்றால், சயானிலேயே பம்பாய் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கேட்டால் சந்தோஷமாகச் சொல்லக்கூடிய பெரியவர்களை அங்கே பார்க்கலாம்.

எழுத உட்காரும் முன் ஒரு செக்லிஸ்ட்

• முக்கியமான சொல்லை வரியின் கடைசியில் ஒளிக்காமல் தொடக்கத்தில் வையுங்கள்.
• குறிலா நெடிலா, இரண்டாம் எழுத்து என்ன என்று பாருங்கள்.
• 40 கட்டத்தை நிரப்புங்கள். முதலில் தோன்றிய மூன்றை அடித்துவிடுங்கள்.
• முடிந்தால் ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை. வராவிட்டால் விட்டுவிடுங்கள்.
• கடைசியில் ஒட்டு மட்டும் ஒத்துப் போகிறதா, சொல்லே ஒத்துப் போகிறதா என்று சோதியுங்கள்.
• வாய்விட்டுப் பாடி ரெக்கார்ட் செய்து கேளுங்கள்.
• காலிக் கட்டங்களை வீட்டில் கேளுங்கள்.

நாளைக் காலை சயானில் வண்டி தாமதமானால் 'தாமதம்' என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நெடில், இரண்டாவது 'ம'. 'காமம்', 'சாமம்', 'நாமம்' என்று வந்துவிட்டது. மூன்றையும் அடித்துவிட்டு, தாதர் வருவதற்குள் நாலாவது சொல்லைப் பிடியுங்கள்.